தாரகனின் அப்பாவுக்குக் கை காட்டப் பழக்கிய கதை

மடு மாதா துணை

ஹோர்சன்ஸ்,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து எழுதுவது.

அன்பு மகன் ஜெனிஸ்ரனுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துவராமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. மெல்பேணில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குப் படுத்து, அந்த வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு நலமாக இருக்கவேண்டும் என்று மாதாவிடம் ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் மாதா வந்து தொப்பியைப் போட்டுவிட மாட்டா, அதை நீதான் செய்யவேண்டும். போனில் கதைக்கலாமே, ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்ப்பது எனக்குத் தெரியும், கம்ப்யூட்டரில் தட்டுகிற சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது. கடிதம் என்றால் எழுத்துக்கூட்டியாவது வாசித்துத்தான் ஆகவேண்டும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு உன்னை மழையிலும் பனியிலும் இழுத்துக்கொண்டு போனது இதற்குத்தான்.

என் வேலை எப்படி என்று கேட்டிருந்தாய். வுக்கஸ்தூக் குழந்தைகள் காப்பகத்தில் எல்லாம் வழமைபோலத்தான், மூன்று வயது ஆகாத வாண்டுகள் பதினொன்று, எல்லாருக்கும் மூக்கு ஒழுகுகிறது, அதில் பாதி என்னுடைய ஸ்வெட்டரில்தான் துடைபடுகிறது. புதிதாகத் தாரகன் என்று ஒரு தமிழ்ப் பிள்ளை வந்திருக்கிறான், இரண்டு வயது, கன்னம் இரண்டும் இட்டலி. தகப்பன் பாலா, தாய் சண்முகப்ரியா, திருச்சி ஆட்கள், இரண்டு பேரும் கம்ப்யூட்டர் வேலை. தாய் காலை ரயிலில் ஓகூஸ் நகரத்துக்கு வேலைக்குப் போய்விடுவதால் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவது தகப்பன். முதல் கிழமை முழுக்கத் தகப்பனும் கூட இருந்து பழக்கினான், அதில் ஒரு பிரச்சினையும் இல்லை. தனியாக விட்டுவிட்டுப் போகிற நாளில்தான் என் காதுக்குள் வந்து, "ஆன்ட்டி, அவன் அழுதா என்னால தாங்க முடியாது, கொஞ்சம் வேடிக்கை காட்டுங்க, நான் அப்படியே நழுவிடறேன்" என்றான். நானும் தமிழ்ப் பிள்ளை ஆயிற்றே என்று இளகி, "நீங்கள் போங்கோ தம்பி, நான் பாக்கிறன்" என்று சொல்லி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் குப்பை லொறியைக் காட்டினேன். நம்முடைய ஆட்கள் எல்லாரும் செய்கிற வேலைதானே, பிள்ளை அந்தப் பக்கம் பார்க்க இந்தப் பக்கத்தால் நழுவிவிடுவது. அவன் லொறியைப் பார்த்து முடித்துத் திரும்பினான், அப்பா இல்லை. அழவில்லை. நான் என்னை நானே கெட்டிக்காரி என்று மெச்சிக்கொண்டேன்.

அந்தக் கெட்டித்தனம் எங்கே கொண்டுபோய் விட்டது என்று கேள். அன்றிலிருந்து பிள்ளை ஜக்கெற்றைக் கழற்ற விடுவதில்லை, விளையாடுவதில்லை, றூபுறோ பாணைக் கையில் கொடுத்தால் கடிக்காமல் பிடித்துக்கொண்டு வாசலையே பார்க்கிறான். மற்றப் பிள்ளைகள் எல்லாம் மத்தியானம் இந்த நாட்டு வழக்கப்படி வெளியே தங்கள் தங்கள் தள்ளுவண்டிலுக்குள் குளிரில் சுகமாக நித்திரை, இவன் மட்டும் வண்டிலுக்குள் எழுந்து உட்கார்ந்து காவல் இருக்கிறான். யாரும் அறையை விட்டு வெளியே போகக்கூடாது, போனால் காலைக் கட்டிப்பிடிக்கிறான். சமையல்காரப் பெண்ணின் காலைப் பிடித்தான், கடிதம் கொண்டுவந்தவனின் காலைப் பிடித்தான், நான் கழிப்பறைக்குப் போனால் கதவைத் தட்டித் தட்டி, "ஆன்ட்டி, இருக்கியா?" என்று விசாரணை. நானும் உள்ளே இருந்து, "இருக்கிறன் ராசா, இருக்கிறன்" என்று பதில் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் கதவு உடையும். சிரிக்காதே, எனக்கும் முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது.

எங்கள் காப்பக ஆசிரியை, பெடகோ பிர்த்த, உனக்குத் தெரியும், கதைப்பது குறைவு, பார்ப்பது கூட. அவள் என்னைக் கூப்பிட்டு ஏச்சு ஒன்றும் இல்லாமல் சொன்னாள், இந்தப் பிள்ளை தகப்பன் போனதற்காகக் கவலைப்படவில்லை, தான் கண்ணை எடுத்தால் ஆட்கள் மறைந்துவிடுவார்கள் என்று நினைக்கிறான், அதனால்தான் கண்ணை மூடப் பயப்படுகிறான், கண்ணுக்கு முன்னால் சொல்லிவிட்டுப் போனால் அழுவான்தான், ஆனால் அழுது முடித்த பிறகு விளையாடலாம் அல்லவா, என்று. எனக்கு முகம் சுருங்கிப் போய்விட்டது. அதே பின்னேரம் பாலா பிள்ளையை எடுக்க வந்தபோது இன்னொரு குண்டைப் போட்டான். பிள்ளை வீட்டிலும் நித்திரை கொள்வதில்லையாம், மெலிந்துவிட்டானாம், அதனால் ஒரு வருடத்துக்குத் திருச்சியில் தாத்தா பாட்டியிடம் விட்டுவிடுவதாக இரண்டு பேரும் யோசிக்கிறார்களாம், டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். அறையைத் தாண்டி அப்பா போவதையே தாங்காத பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்பினால் என்ன ஆவான்?

நம்முடைய வுக்கஸ்தூவில் தெருப் பக்கம் ஒரு பெரிய யன்னல் இருக்கிறது, தாய் தகப்பன் வெளியே நின்று கை காட்டுவதற்கென்றே. அடுத்த நாள் பாலாவை அங்கே நிற்கச் சொன்னோம். நின்றான், கை காட்டினான், பிள்ளை அழுதான், உடனே தகப்பனும் அழுதான், கண்ணாடி எல்லாம் மூச்சு ஆவி பிடித்து, திரும்பி உள்ளே ஓடிவந்து பிள்ளையைக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் ஒப்பாரி. பிர்த்த தகப்பனைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கோப்பி ஊற்றிக் கொடுத்தாள். பழக்கவேண்டியது யாரை என்று அன்றுதான் எல்லாருக்கும் விளங்கியது. ஆகவே அன்று பின்னேரமே, பிள்ளை முற்றத்தில் மணல் அளைந்துகொண்டிருந்த நேரம், பாலாவைத் தெருவில் நிறுத்தி, நான் உள்ளே யன்னலடியில் தாரகனாக நின்று பயிற்சி கொடுத்தேன். சிரி, எப்போது வருவாய் என்று சொல், கை காட்டு, ஒரு முத்தம் பறக்கவிடு, திரும்பு, நட, என்ன நடந்தாலும் திரும்பி ஓடிவராதே. நானும் உள்ளே இருந்து அழுது காட்டினேன், முத்தம் பறக்கவிட்டேன், அவனும் விட்டான். இந்த நேரம் பார்த்து உன் அப்பா என்னை ஏற்றக் கார் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். தன் மனுஷி ஒரு இளம் பெடியனோடு கண்ணாடிக்குக் குறுக்கே முத்தம் பரிமாறிக்கொண்டிருக்கிறா. வீட்டு வாசலில் வைத்து, "இஞ்சாரும், ஆர் அந்தப் பெடியன்?" என்று கேட்டார். நான் உடனே சொல்லவில்லை. இந்த வயதில் இப்படி ஒரு கேள்வி எத்தனை பேருக்குக் கிடைக்கும், ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்து முடித்துத்தான் சொன்னேன்.

அடுத்த நாள் காலையில் பாலா கஷாயம் குடித்தவன்போல முகத்தை வைத்துக்கொண்டு, மத்தியானப் பழம் சாப்பிட்டு முடிய வருவேன் என்று சொல்லி, கை காட்டி, நடந்தான். தாரகன் என் இடுப்பில் இருந்து போட்ட கத்தலில் எதிர்வீட்டு நாய் சேர்ந்து பாடியது. நானும் அடக்கிப் பார்க்கவில்லை, வேடிக்கை காட்டவில்லை, "ஓமடா, அப்பா போயிட்டார், கவலைதான், பழம் முடிய வருவார்" என்று சொல்லிக்கொண்டு தூக்கி வைத்திருந்தேன். சொன்னபடி தகப்பன் வந்தான். மறுநாளும் கத்தல், மறுநாளும் வந்தான். போன வியாழக்கிழமை பிள்ளை யன்னலில் ஏறி நின்று கை காட்டினான், பிறகு அதே கையால், "அப்பா, போ போ" என்று விரட்டிவிட்டு இறங்கிப் போய் மண் அள்ளுகிற விளையாட்டு வண்டியை எடுத்தான். வெளியே தகப்பன், இவ்வளவுதானா என்று வாடிப்போய் நின்று கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கூப்பிடுகிறான், பிள்ளை திரும்பியே பார்க்கவில்லை! அன்று மத்தியானம் தாரகன் ஜக்கெற்றைக் கழற்றிவைத்துச் சாப்பிட்டான், பிறகு வண்டிலுக்குள் வாயைத் திறந்தபடி நித்திரை, நானும் பிர்த்தவும் மாறி மாறிப் போய் எட்டிப் பார்த்தோம். டிக்கெட் இப்போது மறுபக்கமாக எடுத்திருக்கிறார்களாம், கோடையில் தாத்தாவும் பாட்டியும் இங்கே வருகிறார்கள்.

நீ சித்திரையில் வருவதாகச் சொன்னாய், சந்தோஷம், உன் அறைக்குப் புது யன்னல் திரை கூடப் போட்டுவிட்டோம். ஆனால் ஒரு கதை கதைக்கவேண்டும். போன முறை நீ திரும்பிப் போன அன்று, பிளேன் பின்னேரம்தான் என்று என்னிடம் சொன்னாய். நான் வேலையில் சொல்லிக்கொண்டு ஓடோடி வந்தால் கட்டிலில் போர்வை மடித்தபடி கிடக்கிறது, அப்பா மேலே முகட்டைப் பார்க்கிறார். அம்மா அழுவா, அதைப் பார்க்க ஏலாது என்று சொல்லிக் காலையிலேயே போய்விட்டாயாம். எனக்கு உன்னில் கோபம் இல்லை மகன், ஆனால் அன்றிலிருந்து நீ வருகிறேன் என்று சொன்னாலே எனக்குப் பயம்தான் முதலில் வருகிறது. நீ வந்து நிற்கிற நாட்களில் நான் கடைக்கும் போகமாட்டேன், குளிக்கவும் போகமாட்டேன், கட்டாயம் போகவேண்டி வந்தால் உன் சப்பாத்தைக் கையோடு கொண்டுபோவேன். இந்த முறை ஒளித்துப் போகாதே. என் கண்ணுக்கு முன்னால் பெட்டியைத் தூக்கு, எப்போது திரும்பி வருவாய் என்று சொல்லு, கீழே தெருவில் நின்று ஒருக்கால் கையைக் காட்டு. நான் அழுவேன், நன்றாகவே அழுவேன், நீ திரும்பி ஓடிவராதே, நட. அதற்குப் பிறகு எனக்கு நித்திரை வரும்.

ஆண்டவர் உன் போக்கிலும் வரவிலும் கூட இருப்பாராக. பாவற்காய் வற்றல் பொரித்து முடித்தாயா, முடிந்தால் சொல். தொப்பியை மறக்காதே.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா
விமலராணி