நான் இடாத உத்தரவு

வண்ணாரப்பேட்டையில் வாளி வாங்கப் போன கடையில், மூலையில் சிவப்பு ரப்பர் குழாயைச் சுருட்டி வைத்திருந்தார்கள். வெயிலில் சூடேறிய ரப்பரின் வாசனை. எத்தனை அடி வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். குழாயால் எனக்கு ஒரு வேலையும் இல்லை. வாளியையும் வாங்காமல் வெளியே வந்துவிட்டேன், சிஸ்டர். நீங்கள் காலமான செய்தி உங்கள் தங்கை மகளின் கடிதத்தில் போன வாரம்தான் வந்திருந்தது.

ராயபுரத்தில் நாம் வேலை பார்த்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரி இப்போது இல்லை. அங்கே ஒரு கிடங்கு நிற்கிறது. அங்கே ரப்பர் குழாய்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒருவருக்கு ரத்தம் ஏற்றி முடித்ததும் கழுவி, கொதிக்கவைத்து, அடுத்தவருக்கு மாட்டுவோம். உள்ளே துளி அழுக்குத் தங்கினாலும் ஏற்றிக்கொள்பவருக்குக் குளிரெடுக்கும். அடிக்கடி நடந்ததால் ‘குழாய்க் குளிர்’ என்று பெயரே வைத்திருந்தோம். கம்பளி போர்த்தி, வெந்நீர்ப் பை வைத்தால் அடங்கிவிடும். பெயர் வைத்த பிறகு அதைக் கண்டு யாரும் பயப்படவில்லை.

நீங்கள் மட்டும் குழாய் கழுவும் வேலையை ஆயாக்களிடம் விடமாட்டீர்கள். கடைசியாக அலசிய தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பீர்கள். உங்கள் ஊர் நாசரேத்தில் காப்பி வடிகட்டுவதும் இப்படித்தானா என்று நான் கேலி செய்வேன். நம் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. டாக்டர் என்ற மிதப்பு மட்டும் எனக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

ஐம்பதுகளின் தொடக்கம். ஒரு மதியம் துறைமுகத்திலிருந்து ஒருவனைத் தூக்கி வந்தார்கள். சரிந்த இரும்புத் தகடு தொடையைக் கிழித்திருந்தது. இடுப்பில் கட்டியிருந்த வேலை அடையாள வில்லையில் முனுசாமி என்ற பெயர். முனுசாமிதானே என்று கேட்டேன், தலையாட்டினான். முனுசாமி முந்தைய வருடம் நம் வார்டில் படுத்திருந்தவன், முகம் எனக்கு நினைவில்லை. பழைய அட்டையில் அவன் ரத்த வகை எழுதியிருந்தது. ஐஸ் பெட்டியில் அதே வகைப் புட்டி ஒன்றும் இருந்தது. புதிதாகச் சோதித்துப் பொருத்தம் பார்க்க ஒரு மணி நேரமாவது ஆகும். அதுவரை தாங்கமாட்டான் என்று நினைத்தேன். அட்டையை நம்பிப் புட்டியை மாட்டினேன்.

பத்து நிமிடத்தில் அவனுக்கு நடுக்கம் கண்டது. நான் அடுத்த கட்டில் நோயாளியைப் பார்த்தபடியே கம்பளி போர்த்தச் சொன்னேன். நிறுத்திவிடலாமா என்று நீங்கள் கேட்டீர்கள். வேண்டாம், குழாய்க் குளிர்தான், ரத்தம் ஏறாவிட்டால் ஆள் போய்விடுவான் என்றேன்.

“இந்தக் குழாயக் கழுவினது நான், டாக்டர். இந்தக் குளிர் அதுல இருந்து வரல” என்றீர்கள்.

நான் பதில் சொல்வதற்குள் அவன் முதுகை வளைத்துக்கொண்டு, “இடுப்பு பிச்சிக்கினு போவுது நைனா, நெஞ்ச அடைக்குது” என்று முனகினான். அடிபட்டது தொடையில், வலி இடுப்பில்; சேராத ரத்தம் ஏறினால் வருகிற வலி அது. நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. குழாயின் கவ்வியை இறுக்கி ரத்தத்தை நிறுத்தினீர்கள். ஊசியிலிருந்து அதைக் கழற்றிவிட்டு, வேறு குழாயில் உப்புநீரை மாட்டினீர்கள். மீந்த ரத்தத்தை யாரும் கொட்டக்கூடாது என்று புட்டியைத் தனியாக எடுத்து வைத்தீர்கள். அட்டையும் புட்டியும் சரி என்றால் ஆள்தான் வேறாக இருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. அவன் பக்கம் குனிந்தீர்கள்.

“வில்லையில இருக்க பேரு எனக்கு வேண்டாம்ப்பா. ஒன் அம்மா வச்ச பேரச் சொல்லு.”

“நா கன்னியப்பன், சிஸ்டர். முனுசாமி என் தோஸ்து. ஜொரத்துல வூட்ல கீறான். வேலைக்கு வரலன்னா வில்லைய புடுங்கிப்பாங்க. மேஸ்திரிகிட்ட சொல்லிடாதீங்க.”

உயிர் ஊசலாடிய நேரத்திலும் அவனுக்குத் தோஸ்தின் வேலைதான் கவலை. சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தீர்கள், சொல்லவும் இல்லை. புதிதாக எடுத்துச் சோதித்ததில் அவன் ரத்த வகை வேறு. பொருத்தம் பார்த்த புட்டி வந்து சேரச் சாயங்காலம் ஆயிற்று. சொட்டுச் சொட்டாக ஏற்றினோம். ஆனாலும் இரண்டு நாள் அவனுக்குச் சிறுநீர் கருஞ்சிவப்பாக, கொஞ்சமே கொஞ்சமாக இறங்கியது. சோடா உப்புக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் அளந்து எழுதினோம். சிறுநீரகம் நின்றுவிட்டால் செய்வதற்கு நம்மிடம் ஒன்றும் இருக்கவில்லை. மூன்றாம் நாள் காலை நீங்கள் அளவு ஜாடியோடு வந்து, “வெளுத்துட்டு டாக்டர்” என்றீர்கள். உங்கள் ஊர்ப் பேச்சு வார்டில் உங்கள் வாயிலிருந்து வந்தது அன்று ஒருநாள்தான்.

இவ்வளவும் சொன்னது இனி சொல்லப்போவதற்காக. முதல் நாள் மாலையே நான் கேஸ் ஷீட்டில் இப்படி எழுதியிருந்தேன்: ‘நடுக்கம் கண்டதும் டாக்டர் உத்தரவின்படி ரத்தம் நிறுத்தப்பட்டது.’ உத்தரவு இல்லாமல் நர்ஸ் கை வைத்தால் வேலைக்கே ஆபத்து, உங்களைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினேன் என்று சொன்னேன். நீங்கள் இரண்டு முறை வாசித்தீர்கள். சரி டாக்டர் என்று சொல்லிக் கீழே கையெழுத்துப் போட்டீர்கள். மறுவாரம் பெரிய டாக்டர் எல்லார் முன்னாலும் என் சமயோசிதத்தைப் பாராட்டினார். மருந்துத் தட்டோடு நீங்களும் அங்கேதான் நின்றீர்கள். நான் வாய் திறக்கவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பாராட்டு இனித்தது.

அதற்குப் பிறகு நான் ரத்தம் ஏற்றிய ஒவ்வொருவர் பக்கத்திலும் முதல் கால் மணி நேரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பெயரை நான் சொல்லாமல் அவர்கள் வாயால் சொல்லக் கேட்டேன். இடுப்பு வலிக்கிறதா என்று கேட்டேன். என் மாணவர்கள் அதையும் என் முறை என்றே சொன்னார்கள். அப்போதும் நான் திருத்தவில்லை.

இன்று அந்தத் தாளும் இல்லை, நீங்களும் இல்லை. ஆனாலும் அந்த வரியைத் திருத்தி எழுதுகிறேன், சிஸ்டர். டாக்டர் வேண்டாம் என்றார். சிஸ்டர் நிறுத்தினார். கன்னியப்பன் பிழைத்தான்.