சிவப்புக் குடையும் தொண்ணூற்றாறு படியும்

அன்பு மகள் வாண்டுக்கு,

நானும் உன் அம்மாவும் நலமாகத்தான் இருக்கிறோம், இன்னும் ஒரே அறையில் தூங்குகிறோம் என்பதே அதற்கு அத்தாட்சி. உன் நலமும் மாப்பிள்ளை நலமும் வயிற்றுக்குள் உதைத்துக்கொண்டிருக்கும் பெரிய மனிதரின் நலமும் அறிய ஆவல். பிரசவத்துக்கு அம்மா மட்டும் வரட்டும், நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த ஆள் லிஃப்ட் இல்லாத உன் வீட்டு மூன்று மாடியை எப்படி ஏறுவது என்று போன மாதம் போனில் இழுத்து இழுத்துச் சொன்னேன் அல்லவா? அந்தக் கதை கந்தலாகிவிட்டது. உன் அம்மா முந்திக்கொள்வதற்குள் நானே சொல்லிவிட்டால் மானம் கொஞ்சமாவது மிஞ்சும்.

தெற்கே ஊர் சுற்ற வந்திருக்கிறோம், ஊரா இது, காலையிலேயே தெருவில் தோளை இடிக்காமல் நடக்க முடியவில்லை. ஒன்பது மணிக்கு மணிக்கூண்டுக்குக் கீழே சிவப்புக் குடையோடு கைடு நிற்பார், அவர் பின்னால் நடந்தால் பழைய நகரம் முழுக்கப் பார்த்துவிடலாம் என்று ஓட்டல்காரர் சொல்லியிருந்தார். நாங்கள் போனபோது ஒன்பதே கால், கண்ணாடி முன் நின்று தொப்பியை நாலு விதமாக வைத்துப் பார்த்தது நான்தான். தூரத்தில் ஒரு சிவப்புக் குடை போனது, விடாதே என்று ஓடிப் பிடித்தோம். தோளில் கனத்த பையோடு கட்டைகுட்டையான ஆள், வாயே திறக்கவில்லை. முதலில் ஓர் இரும்புக்கடையில் நின்று கிரீஸ் டப்பா வாங்கினார், நான் கடையைப் படம் பிடித்து, நூறு வருஷக் கடையாக்கும் என்று அள்ளிவிட்டேன். என்னங்க, இந்த ஆளு ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறாரே என்றாள் உன் அம்மா. பெரிய கைடுங்க அப்படித்தான், நாமதான் பார்த்துத் தெரிஞ்சுக்கணும் என்று அடக்கினேன். இதைக் கேட்டுத் தலையாட்டிய ஒரு குடும்பம் குழந்தைகளோடு எங்கள் பின்னால் சேர்ந்துகொண்டது. மீன் மார்க்கெட், தையல்காரர் சந்து, அவர் டீ குடித்த இடத்தில் எங்களுக்கும் டீ. அவர் அடிக்கடி திரும்பிப் பார்த்து நடையைக் கூட்டினார், என்ன சுறுசுறுப்பு என்று நான் மெச்சினேன்.

கடைசியில் ஆறு மாடிப் பழைய கட்டடம். லிஃப்ட் வாசலில் வேலை செய்யவில்லை என்று அட்டை. அவர் படியேறினார், நானும் ஏறினேன், மேலே காட்சி பிரமாதமாக இருக்கும் என்று குழந்தைகளை உற்சாகப்படுத்தியபடி. மொட்டை மாடியில் ஒரு சின்ன அறையைத் திறந்து மெஷின் முன் பையை இறக்கிய பிறகுதான் மனிதர் வாய் திறந்தார். சார், நான் லிஃப்ட் மெக்கானிக்கு, ஒழுங்கா வேலை பார்க்கறேனான்னு வேவு பார்க்க இந்தக் கட்டடத்துக்காரங்க அனுப்பின ஆளுங்கன்னு நினைச்சு நடுங்கிக்கிட்டே வந்தேன், லிஃப்ட் ஓடலைன்னா நான் ஏறித்தான் ஆகணும், உங்களுக்கு என்னய்யா தலையெழுத்து என்றார். அந்தக் குடும்பம் என்னைக் கீழே தள்ளிவிடலாமா என்பது போலப் பார்த்தது. உன் அம்மா மட்டும் முறைக்கவில்லை. தொண்ணூத்தாறு படிங்க, எண்ணிக்கிட்டே வந்தேன், பொண்ணு வீட்டுக்கு இதுல பாதிதான் என்றாள்.

இனி மறைத்து என்ன. படியேறலாம் என்று டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டார். நீ பிள்ளை பெற்றுப் படுத்திருக்கும்போது நானும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால், மாப்பிள்ளை யாரைத் தாங்குவார் என்ற பயம்தான் எனக்கு. அங்கேயே உன் அம்மாவிடம் சொன்னேன். விழறதா இருந்தா பேரப்பிள்ளை முகத்தைப் பார்த்துட்டு விழுங்க, இங்க உட்கார்ந்து என்னத்தைக் கிழிக்கப் போறீங்க என்றாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் இதைவிடக் கொஞ்சலாக அவள் பேசியதில்லை.

இரண்டு டிக்கெட் போட்டாயிற்று. இரும்பு மாத்திரையைப் பூந்தொட்டியில் போடாமல் வாயில் போடு. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க என் ஆசிகள். ஒன்றை மறக்காதே, இரண்டாவது மாடியில் படி திரும்பும் இடத்தில் ஒரு நாற்காலி போட்டு வை. மாப்பிள்ளை கேட்டால், அங்கிருந்து தெரு அழகாகத் தெரியும் என்று சொல். மீதி விளக்கத்தை நான் வந்து கொடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கைடு வேலைக்கும் லாயக்கான
உன் அப்பா