மட்டி இல்லாத வயிறு

செயின்ட் லாரன்ஸ் தீவு,
மே மாதம், வெள்ளிக்கிழமை.

என் கண்ணான மகள் டெல்மாவுக்கு அம்மா எழுதுவது.

நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. அப்பா அனுப்பிய வால்ரஸ் கறியை வாயில் வைக்காதே. ஃப்ரீசரில் கிடந்ததுதானே என்று நினைக்காதே, அதில் புழு இருக்கலாம், அது குளிருக்குச் சாகாதாம், கிளினிக் நர்ஸ் சொல்கிறாள். புயலில் ஃபோன் கோபுரம் சாய்ந்ததிலிருந்து இங்கே ஃபோன் இல்லை. இன்றைக்குத்தான் விமானமும் வந்தது. நோம் நகரத்தில் போய் இறங்கியதும் உன்னைக் கூப்பிடுவதாக விமானி சொல்லியிருக்கிறார். அவர் ஒரு வரிதான் சொல்வார். "எங்கப்பா கறிக்கு என்ன கேடு" என்று நீ சிரித்துவிடுவாய். அதனால்தான் முழுவதும் எழுதுகிறேன்.

வயிற்றுப் பிள்ளைக்காரி, வால்ரஸ் விழுங்கி வயிற்றில் வைத்திருக்கும் மட்டிச் சிப்பிக்கு நாக்கு ஊறுகிறது என்று ஆங்கரேஜிலிருந்து கேட்டாயே, அதற்காகத்தான் அப்பா போனார். எப்போதும் முதலில் இரைப்பையைத்தான் கீறுவார், உனக்குத் தெரியும். அன்றைக்குக் காற்று மாறிப் பனிப்பாளம் விலக ஆரம்பித்துவிட்டது. அவசரத்தில் இரைப்பையைக் கீறாமலே குடலோடு கடலில் தள்ளிவிட்டுக் கறியை மட்டும் படகில் ஏற்றினார். "மட்டி அடுத்ததுல வரட்டும், மொதல்ல புள்ளைக்குக் கறி போகட்டும்" என்று, புயலுக்கு முன் போன கடைசி விமானத்தில் ஏற்றிவிட்டார். இதற்குள் உன் கைக்கு வந்திருக்கும்.

நேற்று அதே வால்ரஸ் கூட்டத்திலிருந்து இன்னொன்று கிடைத்தது. எல்லோரும் கரையில் கிண்ணத்தோடு நின்றோம். பக்கத்து வீட்டு வெர்னா பெரிய பானையே கொண்டுவந்திருந்தாள். அப்பா கீறினார். ஒரு மட்டிகூட இல்லை. ரோமத்தோடு கடல்நாய் சீலின் தோல், துண்டு துண்டாக. வெர்னா பானையைக் கவிழ்த்து வைத்தாள். சீல் தின்ற வால்ரஸை நாம் தொடமாட்டோம், அதன் கறியில்தான் அந்தப் புழு இருக்கும். முதலில் பிடித்ததன் இரைப்பையை அப்பா பார்க்கவே இல்லையே.

பனிக்கு அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புப் பாசி வசந்தத்தில் கழன்று கடலடிக்கு இறங்கும், மட்டிக்கு அதுதான் சோறு என்று போன கோடையில் நீ சொன்னாய். "எனக்கும் அப்படி மேலேர்ந்து சோறு எறங்கினா நான் ஏண்டி கடலுக்குப் போறேன்" என்று அப்பா கிண்டல் செய்தார். இரண்டு வருஷமாகப் பாசி பிடிக்கும் முன்பே பனி போய்விடுகிறது. இந்த முறை காற்று தள்ளிவந்த பாளங்கள் புரண்டபோது பார்த்தேன், அடிப்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. தடவினால் விரலில் ஒட்டப் பிசுக்குக்கூட இல்லை. எது இறங்கும், மட்டி எதைத் தின்னும்? பசித்த வால்ரஸ் சீல்களைப் பிடிக்க ஆரம்பித்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஊருக்குள் மட்டும் பேசும் ரேடியோவை எடுத்தார். அதில் அவர் பீற்றிக்கொள்ளாத நாள் உண்டா? நேற்று, "நான் கிளெமென்ட் பேசுறேன். நான் குடுத்த கறிய யாரும் திங்காதீங்க. நாய்க்கும் போடாதீங்க" என்று மட்டும் சொன்னார். ஊரே கேட்டது. வெர்னாதான், "ஏய் கிளெமென்ட், மூஞ்சியத் தொங்கப்போட்டு ஒக்காராத. மம்பட்டியோட வா, எல்லாத்தையும் பொதைப்போம்" என்றாள். சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அந்த முதல் வால்ரஸ் கறியை நான் நன்றாக வேகவைத்துத்தான் தின்றேன், எனக்கு ஒன்றுமில்லை. அப்பா வழக்கம்போலப் பச்சையாகச் சீவித் தின்றார். இன்று காலை இமை இரண்டும் வீங்கியிருக்கிறது. தொடை வலி, காய்ச்சல். கிளினிக் வாசல்வரை இழுத்துப் போனேன். "எம்புள்ள திங்கலன்னு தெரியட்டும், அப்புறம் என்னப் பாத்துக்கலாம்" என்று திரும்பி வந்துவிட்டார். நர்ஸ் கெஞ்சியும் கேட்கவில்லை. எனக்கு ஒன்றுமே ஓடவில்லை டெல்மா.

கடவுள் உன்னையும் உன் வயிற்றில் இருப்பதையும் காப்பாற்றட்டும். தின்றிருந்தால் இதை மடித்து வைப்பதற்கு முன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. அப்பாவுக்கு விமானியிடம் ஒரு வரி சொல்லியனுப்பு. தின்றிருந்தாலும் தின்னவில்லை என்றே சொல்லியனுப்பு, மகளே. உண்மையை எனக்கு மட்டும் தனியாக எழுது.

உன் அம்மா