சூ என்ற ஓர் எழுத்து

சோல்,
2 மார்ச் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் மேரின் எழுதுவது. நானும் ஸ்தியானும் நல்ல சுகம். நீங்களும் அம்மாவும் அப்படியே இருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

போனில் என்றால் நீங்கள் "ம்", நான் "சரி", பிறகு போன் அம்மாவின் கைக்குப் போய்விடுகிறது. அதனால்தான் கடிதம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனது வீண்போகவில்லை என்று காட்டவும்தான். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்தியானைப் பெற்ற தாயைத் தேடித்தான் வந்திருக்கிறோம். ஏழு மாதக் குழந்தையாக இந்தக் கொரியாவிலிருந்து நோர்வேக்கு விமானத்தில் அனுப்பப்பட்டவர் அவர். திராமனில் வளர்த்த அம்மா இருந்தவரைக்கும், அவ நோகக்கூடாது என்று தேடவில்லை. அவ போன வருடம் இறந்த பிறகுதான் இந்த யோசனை வந்தது.

தத்துக் கொடுத்த அலுவலகத்தில் பழைய பத்திரத்தின் போட்டோப் படி ஒன்று தந்தார்கள். குடும்பப் பெயர் அலுவலகம் போட்டதாம். குழந்தையின் பெயர் என்ற இடத்தில் ஒரே ஓர் எழுத்து: சூ.

ஸ்தியான் கொரிய மொழி வகுப்பு ஆசிரியையிடம் அதற்கு என்ன கருத்து என்று கேட்டார். அவர் பலகையில் எழுதிக்கொண்டே போனார். தண்ணீர், கை, எண், நீண்ட ஆயுள், காவல் எல்லாம் சூதானாம். சீனத்தில் வேறு வேறு சொற்களாக இருந்தவை கொரிய வாயில் வந்ததும் ஒரே ஒலியாகிவிட்டன. சொந்தக் கொரியச் சூவும் உண்டு. செய்யச் சூ இருக்கிறது என்றால் முடியும். சூ இல்லை என்றால் வேறு வழியில்லை. சீன எழுத்துத் தெரிந்தால் எது என்று சொல்லலாமாம். பத்திரத்தில் அது இல்லை.

ஸ்தியான் வீட்டுக்கு வந்து படியை மேசையில் விரித்து வைத்தார். பிறகு சொன்னார்: "கருத்துக் கூட வேண்டாம். அம்மா வைத்த பெயரா, யாரோ குமாஸ்தா வைத்த பெயரா என்று தெரிந்தால் போதும்."

அப்பா, ஸ்தியானோடு என் கல்யாணப் பேச்சு வந்தபோது, "ஆர் பெத்த பிள்ளை எண்டே தெரியாத ஒருத்தன்" என்று நீங்கள் சொன்னீர்கள். மூன்று வருடமாகிறது. அவர் பக்கத்தில்தான் இருந்தார், தமிழ் தெரியாவிட்டாலும் அது அவருக்கும் விளங்கியது. சண்டைக்கு எழுதவில்லை. படியின் படத்தை, சூ இருக்கும் இடத்தில் வட்டம் போட்டு, அம்மாவின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். விருப்பம் என்றால் பாருங்கள்.

அன்பு மகள்,
மேரின்

*

பியோர்ண்டால், ஒஸ்லோ,
19 மார்ச் 2024

அன்பு மகள் மேரினுக்கு,

ஆண்டவர் கிருபையால் நாங்கள் சுகம். இங்கே பனி இறுகி, பஸ் தரிப்பிடம் வரைக்கும் போகவே கால் வழுக்குகிறது. அம்மாவின் முழங்கால் நோ குறையவில்லை. டொக்டரிடம் போகச் சொன்னால் என்னோடு கோபிக்கிறாள்.

உன் கடிதத்தில் ஏழு பிழை. முந்தி இருபது இருக்கும்.

இனி விசயத்துக்கு வருகிறேன். அம்மா அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். எனக்குக் கொரிய மொழி தெரியாது. ஆனால் கையெழுத்துத் தெரியும். இருபத்தேழு வருடம் தபால் பிரிக்கிற இடத்தில் நின்றவன் நான். மெசின் வாசிக்காமல் துப்புகிற விலாசமெல்லாம் என் மேசைக்குத்தான் வரும். இந்தப் பத்திரத்தை எழுதினது ஓடி ஓடி எழுதிப் பழகிய ஒரு கை. அந்தச் சூ மட்டும் அந்தக் கை அல்ல. மற்ற எழுத்துகளைவிடப் பெரிது, கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறது, பேனையை அழுத்திப் பிடித்து எழுதியது. படியில் எல்லா மையும் ஒரே கறுப்பு. ஆகவே படியை நம்பாதே. மூலப் பத்திரத்தைக் காட்டச் சொல்லிக் கேள். அவர்கள் பொத்தி மறைத்தாலும் விடாதே.

இதை அந்தப் பெடியனிடம் சொல்வதும் விடுவதும் உன் இஷ்டம். உறுதியில்லாமல் ஆசை காட்டக்கூடாது.

நான் சொன்ன வார்த்தையைப் பற்றி எழுதியிருந்தாய். அம்மா கடிதத்தை வாசித்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "சூசைரட்ணம் எண்டு சூசையப்பற்ற பேரை வைச்சுக்கொண்டிருக்கிறியள். அவர் யேசுவை வளர்த்த தேப்பன் தானே? நீங்கள் என்ன ஆர் பெத்தது எண்டு கேக்கிறது?" நான் அந்தப் படத்தை இன்னொருக்கால் பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன்.

அப்பா

*

சோல்,
21 ஏப்ரல் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

அலுவலகத்துக்கு மூன்று தரம் போனோம். முதல் தரம் பொறுப்பாளர் இல்லை, இரண்டாம் தரம் மூலத்தைக் காட்ட விதிமுறை இல்லை என்றார்கள். மூன்றாம் தரம் அங்கே வேலை செய்யும் ஒரு வயதான அம்மா உள்ளே போய்ப் பெட்டியோடு வந்தார்.

அப்பா, பத்திரம் முழுக்க நீல மை. சூ மட்டும் கறுப்பு.

அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். தாயே எழுதட்டும் என்று அந்தக் காலத்தில் சிலர் பேனையைக் கொடுப்பார்களாம். ஓரத்தில் சின்னதாக ஒரு குறிப்பும் இருந்தது: "சீன எழுத்துத் தெரியாது என்கிறாள்."

ஸ்தியான் அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தார். ஒருவரும் எடுக்கச் சொல்லவில்லை. வெளியே வந்து, "இதை உன் அப்பாவா கண்டுபிடித்தார்?" என்று கேட்டார். ஓம் என்றேன். பிறகு இருவரும் நூடில்ஸ் கடையில் உட்கார்ந்து, கண்ணீரும் மூக்கும் வடிய, உறைப்பு என்று பொய் சொல்லிச் சாப்பிட்டோம்.

அலுவலகம் தாயின் விலாசத்துக்குக் கடிதம் அனுப்புகிறதாம். பதில் வரலாம், வராமலும் விடலாம்.

மேரின்

*

சோல்,
26 மே 2024

அப்பா,

பதில் வந்துவிட்டது. ஏழு வரிதான். ஆசிரியையின் உதவியோடு மொழிபெயர்த்து அப்படியே எழுதுகிறேன்.

"என்னால் வந்து பார்க்க முடியாது. என் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது, பூத்தையல் வேலை செய்துகொண்டிருந்தேன். துணியில் நூலால் பூப்போடுவதையும் சூ என்போம். எனக்குத் தெரிந்த நல்ல விசயம் அது ஒன்றுதான், அதைப் பெயராக வைத்தேன். மன்னித்துக்கொள். நன்றாகச் சாப்பிடுகிறாயா?"

ஆசிரியை பலகையில் எழுதாத சூ.

ஸ்தியான் அழுவார் என்று பயந்தேன். அவர் சிரித்தார். அன்றைக்கே பதில் எழுதினார். கொரிய மொழியில், ஒருவரின் உதவியும் இல்லாமல், ஒரே வரி: நன்றாகச் சாப்பிடுகிறேன், அம்மா.

பார்க்க முடியாதது அவருக்குக் கவலைதான். ஆனாலும் முந்தியைவிட நல்லாக நித்திரை கொள்கிறார். ஜூன் இருபதாம் திகதி வருகிறோம்.

மேரின்

*

பியோர்ண்டால், ஒஸ்லோ,
6 ஜூன் 2024

அன்பு மகளுக்கு,

கடிதத்தை அம்மாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். "நன்றாகச் சாப்பிடுகிறாயா" என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வர, கிறிஸ்ரி பிடித்துக்கொண்டான். உனக்கும் தெரியும், ஆரைக் கண்டாலும் ஊர் விசாரிக்கிற ஆள்.

"சூசையண்ணை, மருமகன் எவடம்? ஒருநாளும் சொல்லேல்லையே."

"அவற்ற தாய் பூத்தையல் வேலை செய்தவ. தானே பேர் வைச்சு, தன்ர கையால எழுதிக் குடுத்தவ" என்றேன்.

"நான் ஊரையெல்லோ கேட்டனான்."

"நான் தாயைச் சொன்னனான்."

அவன் முழித்தான். நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். வழியில் அவள் என் கையைப் பிடித்தாள். வழுக்குவதற்கு ஜூனில் பனியும் இல்லை.

மகள், அன்றைக்கு நான் சொன்னது பிழை. உன்னிடம் மட்டும் சொல்லித் தப்ப முடியாது என்று தெரியும். அதனால் இந்த உறைக்குள் நோர்வேஜிய மொழியில் இன்னொரு தாள் மடித்து வைத்திருக்கிறேன். அது மருமகனுக்கு. நீ வாசிக்காதே. நாலு தரம் எழுதிக் கிழித்து ஐந்தாம் தரம் எழுதியது. பிழைகள் இருக்கும். அவரைத் திருத்தாமல் வாசிக்கச் சொல்.

உங்கள் இருவரின் அப்பா,
சூசைரட்ணம்