அடுக்களைப் பக்கம் நகர்ந்த புள்ளிகள்

என் பெஞ்சுக்காரி லதாவுக்கு,

பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்த நீ என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தபிறகு ஊர் முன்னால் உன்னை மைனி என்றுதான் கூப்பிட்டேன். இந்தக் கடிதத்தில் எனக்கு நீ லதாதான், கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

முதலில் ஒரு புகார். அண்ணன் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. காலையில் கொண்டுவைத்த கஞ்சி சாயங்காலம் அப்படியே இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றால் சிரிக்கிறான். கழுத்தெலும்பு தெரிய மெலிந்தவனுக்கு என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கிறது? அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் பயப்படுகிறேன்.

நீ கண்ணை மூடியபிறகு உன் வேலை எனக்கே வந்துவிட்டது. வாசகசாலையிலிருந்து துணிப்பையில் புத்தகம் சுமந்து, வீடுவீடாகப் போய்ப் பெண்களிடம் கொடுக்கிற வேலை. பெரிய உத்தியோகக்காரி என்று உன்னைக் கிண்டலடித்தேனே, இப்போது என் தோள் கடுக்கிறது. நீ ஒரு வீட்டிலும் முன்வாசல் வழியாக ஏறியதில்லை. கிணற்றைச் சுற்றி அடுக்களைப் பக்கம் போவாய். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"முன்வாசல்ல குடுத்தா புத்தகம் ஆம்பிளைக்க மேசைக்குப் போவும். அடுக்களையில குடுத்தாத்தான் அவளுக்குக் கிட்டும்" என்றாய். இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை என்றும் சொன்னாய்.

போன வாரம் நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு டீச்சர் வந்து வாசகசாலையில் எங்களுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்தாள். ஒரே வரைபடத்தை எல்லோரும் அவரவர் திரையில் திறக்கலாமாம். நான் வைக்கிற புள்ளி அந்த நொடியே மற்றவர்களுக்கும் தெரியுமாம். யார் தொடுகிறார்களோ அவர்கள் பெயரோடு ஒரு அம்பு ஓடும். நான் எங்கே கண்டேன் இதையெல்லாம்? பாறசாலை ரயில் நிலையத்தைக் கண்டுபிடித்ததற்கே பெருமைப்பட்டேன். பிறகு, நான் புத்தகம் கொடுக்கிற வீடுகளுக்கெல்லாம் முன்வாசலில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன்.

அப்போது பெயரில்லாத ஒரு அம்பு வந்தது. என் முதல் புள்ளியை இழுத்து வீட்டின் பின்பக்கம் கொண்டுபோய் வைத்தது. அப்புறம் அடுத்த வீடு. நேராகப் போகவில்லை, கிணற்றைச் சுற்றி, மெதுவாக, கனத்த பையோடு நடக்கிற ஆளைப்போலப் போனது.

நட்ட மத்தியானம். மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். லிங்க் கிடைத்த யாரோ விளையாடுகிறார்கள், நீக்கிவிடலாம் என்றாள் டீச்சர். சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்பு கடைசியாகப் புதிதாக ஒரு புள்ளி வைத்தது. நான் புத்தகம் கொண்டுபோகாத ஒரே வீடு, உன் வீடு. உன் அடுக்களை வாசல்.

டீச்சர் லிங்க் போட்ட எங்கள் வாட்ஸ்அப் குழுவில் உன் நம்பர் இன்னும் உண்டு. உன் போனுக்கும் லிங்க் போயிருக்கும், அண்ணன்தான் தட்டியிருப்பான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஓடினேன். அவன் அடுக்களைப் படியில் உட்கார்ந்திருந்தான். நீ போனபிறகு அந்தப் போனில் சார்ஜே போடவில்லை என்றான். எடுத்து அமுக்கிப் பார்த்தேன். திரை கறுப்பாகவே இருந்தது.

அவன் பக்கத்தில் நீ பாதியில் விட்ட மலையாள நாவல் இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் களியக்காவிளையில் மாமா வீட்டில் நின்று தமிழில் படித்தவன், மலையாளம் ஒரு எழுத்து வாசிக்கமாட்டான். சாயங்காலம் நீ அதை வாசித்து நம்ம பேச்சில் சொல்வாய், அவன் கேட்டுக்கொண்டிருப்பான். சரி, இதற்குத்தான் என்னை வரவழைத்திருக்கிறாய் என்று தோன்றியது. நீ முனை மடித்த பக்கத்தைத் திறந்தேன். கதையில் வருகிறவள் படகில் ஏறுகிற இடம். வாசிக்க ஆரம்பித்தேன்.

அண்ணன் என் கையைப் பிடித்தான்.

"அது கழிஞ்சாச்சு மக்கா. அவ அக்கரையில வீடெடுத்து, பிள்ளையும் பெத்தாச்சு. நேத்து லதா வாசிச்சா."

பக்கங்களைப் புரட்டினேன். படகுக்கு வெகுதூரம் அப்பால், வீடும் இருந்தது, பிள்ளையும் இருந்தது. அதற்குப்பின் மிஞ்சியது ஒரு அத்தியாயம்தான்.

"இனி கொஞ்சந்தான் உண்டு" என்றான். "கத தீர்ந்தா என்னையும் கூட்டிட்டுப் போவேன்னு சொல்லியிருக்கா." அதே சிரிப்பு.

புத்தகத்தை மூடிவிட்டேன், லதா. அவனைக் கூட்டிக்கொண்டு போக வந்தவள் என்னை ஏன் அந்த வாசலுக்குக் கூப்பிட்டாய்? உனக்கும் மனசு வரவில்லையா? உன்னைத் தடுக்க ஆள் வேண்டியிருந்ததா?

அந்த நாவலைப் பைக்குள் போட்டு வந்துவிட்டேன். அவன் அழுதான், அழட்டும். நீ போனபிறகு இப்போதுதான் அழுகிறான். கடைசி அத்தியாயம் அவனுக்குக் கிடைக்காது. நாளையிலிருந்து சாயங்காலம் நான் வருவேன், உள்ளதிலேயே தடியான புத்தகமாகப் பார்த்து எடுத்துக்கொண்டு. அது முடியும் முன்பே அடுத்ததைத் தொடங்கிவிடுவேன். வாசகசாலையில் கதைக்கா பஞ்சம்?

உன் அம்பை நான் நீக்கவில்லை. ஆசையாக இருந்தால் வா, படியில் எங்களோடு உட்கார்ந்து கேள். வாசிக்கிறது மட்டும் இனி நானாக்கும்.

அண்ணனை உனக்கு விட்டுத்தராத
உன் நாத்தூன்
பிந்து