முப்பத்தொரு கடிதமும் வேகாத உருளைக்கிழங்கும்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. உன் அப்பாவின் இடது காலையும் என் வாயையும் தவிர இங்கே எல்லாம் நல்லபடியாக இருக்கிறது, நீயும் உடம்பிலும் மனசிலும் தெம்பாக இருக்க வேண்டும். போனிலேயே சொல்லக்கூடாதா, எதற்குக் கடுதாசி என்று கேட்பாய். போனில் சொன்னால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு அது அப்படி இல்லை இது இப்படி இல்லை என்று வரிக்கு வரி குறுக்கே வருவார். இப்போது சலூனுக்குப் போயிருக்கிறார். அங்கேயும் இதே கதையைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார், ஆகவே எனக்கு முழுசாக ஒரு மணி நேரம் கிடைக்கும்.

அவர் இடது காலில் கடைசி இரண்டு விரல்கள் இல்லை என்பது உனக்குத் தெரியும், சின்ன வயதில் இரண்டு காலையும் சேர்த்து எட்டு வரை எண்ணிவிட்டு மீதி எங்கே என்று அழுதவன் நீ. ராணுவத்தில் சமையல் கிடங்கில் இருந்தபோது எண்ணெய் பீப்பாய் விழுந்து நசுங்கிவிட்டது என்றுதான் அவர் நம் எல்லாரிடமும் சொல்லியிருந்தார். அதை நம்பி நானும் முப்பத்தெட்டு வருடமாக எண்ணெய் டின்னை அலமாரியில் வைக்காமல் தரையிலேயே வைத்து, குனிந்து குனிந்து எடுத்து இடுப்பை ஒடித்துக்கொண்டேன். ஷூவின் முன்பக்கத்தில் பஞ்சு அடைத்துத்தான் போட்டுக்கொள்வார் இல்லையா, ஆறு மாதத்துக்கு முன்னால் அந்தப் பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்கி பாங்க் படிக்கட்டில் குப்புற விழுந்தார். மூக்குக்கண்ணாடி போயிற்று, மூக்கு தப்பித்தது. பக்கத்து வீட்டு டெய்லர்தான், முன்னாள் ராணுவத்தினர் அலுவலகத்தில் இந்த மாதிரி காலுக்கு அளவெடுத்து ஷூ செய்து தருகிறார்கள், போய்க் கேளுங்கள் என்றார். உன் தங்கை காரில் கூட்டிப்போனாள், நானும் வேடிக்கை பார்க்கப் போனேன்.

அங்கே கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண். எப்போது பார்த்தாலும் தும்மிக்கொண்டே இருப்பாள், அதனால் வீட்டில் அவளுக்கு நான் வைத்த பெயர் ஜலதோஷக்காரி, ஆனால் தங்கமான பெண். அவள் உன் அப்பாவின் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, இந்த ஷூ பனியில விரல் போனவங்களுக்கு மட்டும்தான். நீங்க பதினஞ்சு வருஷமும் சமவெளிக் கிடங்குலதான் இருந்திருக்கீங்க, மலைக்கே போகலையே, காயம்னும் ஒண்ணும் இல்லையே" என்றாள். உடனே இவர் ஷூவைக் கழற்றி, சாக்ஸைக் கழற்றி, காலைத் தூக்கி அவள் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்துவிட்டார். "பனியிலதாம்மா போச்சு, பதினாலு மாசம் மேல இருந்தேன்" என்றார். அவள் டப்பாவை நகர்த்திவிட்டு, விரல் இல்லாததெல்லாம் ஆவணம் ஆகாது ஐயா என்று பணிவாகத்தான் சொன்னாள். நான் எங்கே அதையெல்லாம் கேட்டேன். எனக்குக் காதில் விழுந்தது பனி என்ற ஒரே வார்த்தைதான். "எண்ணெய் பீப்பாய்னீங்களே" என்றேன். அவர் காலை மெதுவாகக் கீழே இறக்கினார்.

விஷயம் என்னவென்றால், நீ என் வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோது, பனிமலையில் இருந்த வேறொரு படைப்பிரிவின் சமையல்காரருக்கு உடம்பு முடியாமல் போய், மூன்று வாரத்துக்கு என்று இவரை இரவல் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள். போன பிறகு பாதை பனியில் மூடிக்கொண்டது, பாதை திறந்தபோது மேலே இருந்தவர்களுக்கு இவர் சமையல் பழகிவிட்டது, மூன்று வாரம் பதினான்கு மாதம் ஆயிற்று. இரவல் கொடுத்தவர்கள், வாங்கினவர்கள் எழுதிக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டார்கள், வாங்கினவர்கள், ஆள் நம்முடையவர் இல்லையே, கொடுத்தவர்கள் எழுதுவார்கள் என்று இருந்துவிட்டார்கள். ஒரே வேலையை இரண்டு மருமகள்களிடம் சொன்ன கதைதான். அங்கே இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்த இரண்டு பதக்கமும் இவருக்கு வரவில்லை, இவரும் வாயைத் திறக்கவில்லை.

உன் தங்கை, ஷூதானே அப்பா, நான் வாங்கித் தருகிறேன் விடுங்கள் என்றாள். அவர் கேட்கவில்லை. "ஷூ கிடக்குது. நான் அங்க போகலைன்னு எழுதி வச்சிருக்கானே, அதை மாத்தணும், போனேன்னு எழுதணும்" என்று பிடித்த பிடியில் நின்றார். அன்றிலிருந்து அவர் கேட்டது அது ஒன்றுதான், பதினான்கு மாதம் பனிமலையில் இருந்தார் என்று ஒரு வரி.

அதற்கு சாட்சி வேண்டும் என்றார்கள். கூட இருந்தவர்களில் இவருக்கு விலாசம் தெரிந்தவர் ஒருவர்தான், மூக்கு நீளம் என்பதால் எல்லாரும் தும்பிக்கை என்று கூப்பிடுவார்களாம். காது சுத்தமாகக் கேட்காது. இவர் போனில் கத்தின கத்தலில் டெய்லர் மெஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். தும்பிக்கை இரண்டு வாரம் கழித்துக் கையெழுத்துப் போட்டு ஒரு தாள் அனுப்பினார். அதில் உன் அப்பாவின் வீரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "இவரை நான் மறக்கவே முடியாது. பதினான்கு மாதமும் உருளைக்கிழங்கை வேகாமல் போட்ட புண்ணியவான் இவர். கேட்டால் உயரத்தில் தண்ணீர் சூடு பிடிக்காமலே கொதித்துவிடுகிறது, நான் என்ன செய்ய என்பார். எங்கள் வயிறு இன்றுவரை சரியில்லை" என்று அவ்வளவுதான். உன் அப்பா கொதித்துப்போய் அதைக் கிழிக்கப் போனார், நான்தான் பிடுங்கி வைத்தேன். ஜலதோஷக்காரி படித்துவிட்டு, "ஐயா, இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. சமவெளியில கிழங்கு வெந்திருக்குமே" என்றாள்.

ஆனால் ஒரு சாட்சி போதாது, அந்தக் காலத்துக் காகிதம் ஏதாவது வேண்டும் என்றார்கள். எனக்கு ஒரே பெருமை. அந்தப் பதினான்கு மாதத்தில் அவர் எனக்கு எழுதின முப்பத்தொரு கடிதத்தையும் பிஸ்கட் டின்னில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேனே. வேண்டாம் வேண்டாம் என்று இவர் பின்னாலேயே வந்தார், பரண்வரைக்கும் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார், எனக்கு ஏன் என்று உறைக்கவில்லை. டின்னோடு போய் அந்த அலுவலக அதிகாரி முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். "இங்கே வெயில் கொளுத்துகிறது. கிடங்கில் என் தலைக்கு மேலேயே மின்விசிறி இருக்கிறது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்குகிறேன். ஒரு குறையும் இல்லை." அடுத்ததிலும் மின்விசிறி. அதற்கடுத்ததில் கொசு வேறு. பனிமலையில் கொசு, கேட்டாயா. அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அம்மா, இது முப்பத்தொண்ணும் உங்க வீட்டுக்காரருக்கு எதிரான சாட்சி" என்றார்.

பஸ்ஸில் டின்னை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். உனக்கும் தெரியும், வாய்ச்சண்டை வந்தால் என்னிடம் கடைசியாக ஒரு ஆயுதம் உண்டு. நான் பிரசவ வலியில் கத்தினபோது நீங்கள் மின்விசிறிக்குக் கீழே தூங்கினவர்தானே என்பேன், அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். வருடத்துக்கு மூன்று தடவை என்று வைத்துக்கொண்டாலும் நூறு தடவைக்குமேல் சொல்லியிருப்பேன், நூறு தடவையும் அந்த மனுஷன் மென்று முழுங்கியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், ஒரு தடவையாவது சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று. "சொன்னா பழைய கடுதாசி எல்லாம் பொய்யின்னு ஆயிடும், அப்புறம் நான் எதைச் சொன்னாலும் நீ நம்ப மாட்டே" என்றார். எனக்குச் சிரிப்பதா அவரைச் சாத்துவதா என்று தெரியவில்லை.

நம்மைக் காப்பாற்றியது ஜலதோஷக்காரிதான். கடிதங்களைத் திருப்பிக் கொடுக்கிறபோது ஒரு தும்மல் தும்மினாள், ஒன்று பறந்து கவிழ்ந்து விழுந்தது, அதை எடுக்கும்போது பின்பக்கத்து வட்ட முத்திரையைப் பார்த்திருக்கிறாள். அதிலிருந்த எண்ணைப் பழைய பட்டியலில் தேடினால் அது பனிமலை அடிவாரத்து ராணுவத் தபால் நிலையம். முப்பத்தொன்றிலும் அதே முத்திரை. மறுநாள் போன் செய்து, "அம்மா, உள்ளே வெயில் அடிக்குது, வெளியே பனி பெய்யுது, எது நிஜம்னு நீங்கதான் எழுதித் தரணும்" என்றாள். கோர்ட் வாசலில் டைப் அடிக்கிறவரிடம் போனோம். என் கணவர் எனக்கு எழுதிய முப்பத்தொரு கடிதங்களிலும் தாம் இருந்த இடம் குறித்துப் பொய்யே எழுதியுள்ளார் என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன், என்று அவர் அடித்துக்கொண்டே போனார். "கொசு பத்தியும் தனியா ஒரு வரி போடுங்க" என்றேன். கல்யாணம் ஆனதிலிருந்து இவ்வளவு சந்தோஷமாக நான் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை. உன் அப்பா தூண் மறைவில் நின்றுகொண்டார்.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம், இத்தனை வருடம் ஏன் கேட்கவில்லை என்பதற்கு. அதை மட்டும் அவர் யாரையும் பார்க்கவிடாமல் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார். பிறகு மூன்று மாதம் தபால்காரர் சைக்கிள் மணி அடித்தாலே கதவருகில் நிற்பார். போன செவ்வாய்க்கிழமை வந்தது. பெரிய உறை, இரண்டு பதக்கமும் ஒரு பிளாஸ்டிக் பையில், ஸ்டேப்ளர் பின் அடித்து, பொத்தான் கடையில் கொடுக்கிற மாதிரி. புதுப் பதிவேட்டில் அந்த வரி இருந்தது, தேதி போட்டு, பனிமலைப் பணி, பதினான்கு மாதம், இடது காலில் இரண்டு விரல் இழப்பு. மூன்று தடவை படித்தார். நான்காவது தடவை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார், ரொம்ப நேரம் கழுவினார்.

விண்ணப்பத்தின் நகலும் அந்த உறையிலேயே இருந்தது. அவர் மறைத்து எழுதின கட்டத்தை அப்போதுதான் பார்த்தேன். "என் மனைவி அப்போது கர்ப்பமாக இருந்தாள். பயப்படுவாள் என்று மறைத்தேன். பிறகு சொல்ல எனக்குப் பயமாக இருந்தது." பக்கத்தில் மூன்று அதிகாரிகள் கையெழுத்துப் போட்டு, காரணம் ஏற்கப்படுகிறது என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள். சிரித்தேன். அப்புறம் அழுதேன். நீ பிறந்த சேதி ஆறாவது நாள் கம்பியில்லாத் தந்தியில் மேலே போயிருக்கிறது, அன்றைக்குக் கால்விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம், எல்லாருக்கும் தேநீரில் இரண்டு பங்கு சர்க்கரை போட்டாராம். அன்றைக்கு எழுதின கடிதத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். மின்விசிறி நன்றாக ஓடுகிறது என்றுதான் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு, இந்த மனுஷனுக்கு என்ன கவலை என்று உன்னை மடியில் போட்டுக்கொண்டு அழுதது எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. பாவம் செய்துவிட்டேன் என்று அவரிடம் வாய்விட்டே சொன்னேன். இனிமேல் சண்டையில் மின்விசிறி வராது, வேகாத கிழங்கு வரும் என்றும் சொல்லிவிட்டேன்.

ஷூவும் வந்துவிட்டது, நடந்தால் கீச்சுகீச்சென்கிறது. ஆனால் இத்தனை வருடம் பூட்டி வைத்த பனிமலை முழுக்க இப்போது என் தலையில்தான் இறங்குகிறது. சூப் வைத்தால் அங்கே இது கட்டியாகிவிடும் என்கிறார், துணி காயப்போட்டால் அங்கே பலகை மாதிரி நிற்கும் என்கிறார். பதக்கத்தை ஸ்க்ரூடிரைவர் டப்பாவில் போட்டு வைத்தார், நான் எடுத்து ஹாலில் கண்ணாடிக்குள் வைத்தேன், பார்க்காத மாதிரியே தினம் பத்து தடவை அந்தப் பக்கம் போகிறார்.

கண்ணா, இவ்வளவு எழுதினது அவருக்காக மட்டும் இல்லை. நேற்று அந்த முப்பத்தொன்றையும் ஒரே மூச்சில் படித்தேன். படிக்கப் படிக்க உன் குரல்தான் கேட்டது. இங்கே எல்லாம் சௌகரியம்மா, நல்லா சாப்பிடறேன், நல்லா தூங்கறேன், ஒரு குறையும் இல்லை. இரண்டு மாதமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதையேதான் சொல்கிறாய். போன வாரம் வீடியோவில் வீட்டுக்குள்ளேயே குல்லாவும் கோட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், கேட்டால் இங்கே இது ஃபேஷன் என்றாய். உன் அப்பா நம்பிவிட்டார். எழுதின ஆள் அவர், அவர் நம்புவார். படித்து ஏமாந்தவள் நான். வீட்டில் ஹீட்டர் வேலை செய்யவில்லையா, வேலையே இல்லையா, எதுவாக இருந்தாலும் நிஜத்தை எழுது. எனக்குப் பயமாகத்தான் இருக்கும். அதனால் என்ன, பயந்துகொண்டே கேட்டுக்கொள்கிறேன். இன்னொரு முப்பத்தெட்டு வருடம் கழித்துத் தெரிந்துகொள்ள நான் இருக்க மாட்டேன்.

அப்பாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம், எந்தக் குறையும் அண்டாமல் நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். பதில் போடு, போனில் அல்ல, தாளில். குல்லாவைக் கழற்றாதே.

இப்படிக்கு,
பயந்தாலும் தாங்கிக்கொள்ளும்
உன் அம்மா