தாய்மாமன் மடி

தலைக்குக் குளித்தாலும் ஏலக்காய் வாசம் போகாத என் அம்மாவுக்கு,

உன் பேரனுக்குக் காது குத்தியாயிற்று! நேற்றுக் காலை, குரங்கணி போகும் வழியில் உள்ள என் மாமியார் வீட்டுக் குலசாமி கோயிலில். இரண்டு காதிலும் தங்கக் கம்பி மின்னுகிறது. இப்போது என் பக்கத்தில்தான் தூங்குகிறான். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை, யாரிடமாவது சொல்லியாக வேண்டும். உன்னை விட்டால் வேறு யாரிடம் சொல்ல?

யார் மடியில் உட்கார வைத்துக் குத்தினார்கள் என்றுதானே கேட்கிறாய்? சொல்லமாட்டேன். தீபாவளிப் பலகாரத்தை அடுக்குப் பானையில் ஒளித்து வைத்து என்னை எத்தனை நாள் காக்க வைத்திருக்கிறாய்! கொஞ்சம் நீயும் காத்திரு.

அதற்கு முன்னால், நீ இருந்தவரை வாய் வராத ஒன்றை எழுதிவிடுகிறேன். என்னைப் பெண் பார்க்க வந்தார்களே, அன்று காலை உன்னிடம் நான் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "தம்பிய எங்கயாச்சும் கொண்டுபோய் விட்டுட்டு வாம்மா. அவங்க போற வரைக்கும் அவன் வீட்டுல இருக்க வேணாம்."

குமரேசனுக்கு அப்போது பதினாறு வயது. சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. நாலைந்து வார்த்தைக்கு மேல் பேச்சு வராது. பெரிய சத்தம் கேட்டால் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுவான். அவனுக்கு மூளை வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும் என்று மதுரை டாக்டர் சொன்னதை நீயும் அப்பாவும் நானும் வெளியில் மூச்சு விட்டதில்லை. வந்தவர்கள் அவனைப் பார்த்தால் எனக்குக் கல்யாணம் நடக்காது என்று பயந்தேன். எனக்கு இருந்தது அந்தப் புத்திதான்.

நீ ஒரு வார்த்தை திட்டவில்லை. அவனுக்குத் தலை சீவிவிட்டு, நீ காய் பொறுக்கப் போகும் ஏலக்காய் ஸ்டோருக்குக் கூட்டிப்போனாய். பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் பேச்சியக்காவிடம் அவனை விட்டுவிட்டு, வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்து வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தாய். அவனைக் கூட்டிப் போகிற வழியில் என்னம்மா நினைத்தாய்?

சாயங்காலம் நீ அவனைக் கூப்பிடப் போனபோது நடந்ததைத்தான் நூறு தடவை சொல்லியிருக்கிறாய். சாக்குகளுக்கு நடுவில் குமரேசன் தனியாக இல்லை. பக்கத்தில் காலை இழுத்து இழுத்து நகர்கிற ஒரு பெண்பிள்ளை. இருவரும் தரையில் கிடந்த தொப்பியை, அந்த ஏலக்காய்க் காம்புச் சருகை, வாரி வாரிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சியக்கா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாராம்: "எம் மகதான்க்கா, பவுனு. மூணு வருசமா வெளிக்கதவப் பூட்டிப்புட்டுத்தான் சோலிக்கு வர்றேன். ஒம் மகனப் பாத்ததும் வீட்டுக்கு ஓடிப்போயித் தூக்கிட்டு வந்துட்டேன்."

மூன்று வருசம் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து காய் பொறுக்கியிருக்கிறீர்கள். இருவரும் சொல்லிக்கொண்டதே இல்லை!

அன்றைக்கு என் கல்யாணம் கூடி வந்த சந்தோஷத்தைவிட உனக்கு அந்தச் சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது. மறுநாளே முதலாளியிடம் போய், ஞாயிற்றுக்கிழமை பூட்டிக்கிடக்கிற ஸ்டோரைக் கேட்டுவிட்டாய். "காயில கை வைக்கக் கூடாது, கூட்டிப் பெருக்கிட்டுப் போகணும்" என்று அவர் சொன்னதை நடித்துக் காட்டுவாயே! இரண்டு பேராக ஆரம்பித்து, நாலு பேர், ஏழு பேர். சாக்கைச் சுருட்டிப் பந்து செய்து உருட்டினீர்கள். மதுரை ஆஸ்பத்திரியில் யாரோ பார்த்து வந்தபடி, எண்ணெய் காய்ச்சி விறைத்த காலை நீவினீர்கள். ஒருத்தி சாவு வீட்டுக்குப் போகவேண்டுமென்றால் அவள் பிள்ளையை இன்னொருத்தி பார்த்துக்கொண்டாள். எல்லாரையும் டவுன் பஸ்சில் ஏற்றி இறக்கிப் பழக்கினீர்கள். முதல் வாரம் முறைத்த கண்டக்டர், நாலாவது வாரம் பவுனைத் தூக்கி ஜன்னலோரம் உட்கார வைத்தாராமே.

நான் ஒரு ஞாயிறுகூட அங்கே வந்ததில்லை. என் கல்யாணத்திலும் மாப்பிள்ளைக்கு மோதிரம் போடும் மச்சினன் முறைக்குப் பெரியப்பா மகன்தான் நின்றான். குமரேசனைப் பேச்சியக்கா வீட்டில் விட்டிருந்தோம். மறுவீட்டுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் அவனைப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "தம்பி" என்றேன். அவர், "அப்ப மோதிரம் ஆள் மாறிப் போயிருச்சா?" என்று சொல்லித் தன் இலையில் இருந்த லட்டை எடுத்து அவனிடம் கொடுத்தார். நல்ல மனிதர், அம்மா. ஆனால் தன் அம்மாவுக்கு முன்னால் மட்டும் பூனைக்குட்டி.

நீ போனதும் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் கலைந்துவிடும் என்றுதான் நினைத்தேன். உன் காரியம் முடிந்து வந்த முதல் ஞாயிறு, குமரேசன் தானே சட்டையை மாட்டி, பொத்தானும் போட்டு, வாசலில் நின்றான். ஒரு பொத்தான் மாறிப் போயிருந்தது, அவ்வளவுதான். "எங்கடா?" என்றேன். "ஸ்டோரு" என்றான். கூடவே போனேன். அங்கே பதினோரு அம்மாமார் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அன்றிலிருந்து ஒரு வாரம் தவறவிட்டதில்லை. கூட்டிப் பெருக்குவது இப்போது என் வேலை.

சரி, காதுகுத்துக்கு வருகிறேன்.

பிள்ளைக்குப் பதினோராம் மாதம் பிறந்ததுமே அத்தை ஆரம்பித்துவிட்டார். "கல்யாணத்துக்கு நின்னானே ஒங்க பெரியப்பா மகன், அவன் மடியிலயே உக்கார வச்சிருவோம்த்தா." நான், "சொந்தத் தாய்மாமன் இருக்கானே அத்தை" என்றேன். "இருக்கான், இல்லேங்கல. ஒங்கம்மா எழவுல வெடிச் சத்தத்துக்கு அவன் காதப் பொத்திக்கிட்டு ஓடுனத நாந்தான் பாத்தேன்ல. மேளச் சத்தத்துல கையத் தூக்கிட்டான்னா பிள்ளை கீழ விழுந்துரும். யாரு பதில் சொல்றது?"

அத்தை கெட்டவர் இல்லை, அவர் சொன்னது நிஜம். "மேளம் இல்லாம குத்துனா என்ன?" என்று கேட்டுப் பார்த்தேன். "மேளம் இல்லாம எங்க வீட்டுல விசேசமா? ஊர் சிரிக்கும்" என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டார்.

பத்திரிகை அடிக்கக் கிளம்பும்போது என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார், "தாய்மாமன் பேரு என்ன போட?" அடுப்படியில் அத்தை காதைத் தீட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். "என் கூடப் பிறந்தவன் ஒருத்தன்தான். குமரேசன்னு போடுங்க" என்றேன். பத்திரிகை வந்தபின் அத்தை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "பேரு போட்டாச்சு. உக்கார்றத அன்னைக்குப் பாத்துக்கிருவோம். பெரியப்பா மகனையும் பட்டு வேட்டி கட்டிட்டு வரச் சொல்லு" என்றார்.

எங்கள் கையில் நாலு ஞாயிறு இருந்தது. அம்மா, அந்த நாலு ஞாயிறையும் நீ பார்த்திருக்க வேண்டும்! எட்டுக் கிலோ அரிசியை உன் பழைய சேலையில் மூட்டையாகக் கட்டினோம். பேச்சியக்கா அதற்குக் கண்மையால் கண் வரைந்து, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டும் வைத்தார். குமரேசனைச் சம்மணம் போட வைத்து, அரிசிப் பாப்பாவை மடியில் வைத்தோம். பவுனு மண்ணெண்ணெய் டின்னைக் குச்சியால் அடிப்பாள், அவள்தான் மேளக்காரி. அடித்த மறுநொடி தம்பியின் இரண்டு கையும் காதுக்குப் போகும், பாப்பா உருண்டு தரைக்குப் போகும். முதல் வாரம் ஏழு தடவை விழுந்தது. மூட்டை அவிழ்ந்து ஸ்டோர் முழுக்க அரிசி! எல்லாரும் சிரித்துச் சிரித்துப் பொறுக்கினோம். காதில் பஞ்சு வைத்தோம், பிடுங்கி எறிந்தான். டின்னைத் தூரத்தில் வைத்து, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தோம்.

கடைசி ஞாயிறு பத்துத் தடவை அடித்துப் பார்த்தோம். இரண்டு தடவை விழுந்தது. எட்டுத் தடவை விழவில்லையே என்று எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. விழுந்த அந்த இரண்டு தடவையும் என் பிள்ளையாக எனக்குத் தெரிந்தது.

நேற்று விடிந்ததும் ஜீப்புக்காரர், "எட்டுப் பேருக்கு மேல ஏத்த மாட்டேன்" என்று சத்தியம் செய்துவிட்டு, நடைக்குப் பதினாறு பேராக இரண்டு நடை ஏற்றிக்கொண்டு வந்தார். ஸ்டோர் கூட்டம் முழுக்க வந்துவிட்டது! தாய்மாமன் சீராகப் பிள்ளைக்கு ஏலக்காய் மாலை. எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து கோத்தது, ஒரு காய் பெருசு, ஒரு காய் பொடிசு. காயில் கை வைக்கக் கூடாது என்று சொன்ன முதலாளிதான் காய் கொடுத்தார்.

முதலில் மொட்டை. அதற்கு மேளம் இல்லை. குமரேசன் புது வேட்டியில் சம்மணம் போட்டுப் பிள்ளையை மடியில் வைத்து அசையாமல் இருந்தான். எனக்குப் பாதி உயிர் வந்தது. அடுத்து ஆசாரி கம்பியை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் பட்டு வேட்டியோடு பெரியப்பா மகன் தயாராக இருந்தான். பின்னால் அப்பா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு குனிந்து நின்றார். அத்தை வாய்க்குள் குலசாமி பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். யாரோ, "கொட்டுங்கப்பா!" என்றார்கள்.

மேளம் இடி மாதிரி இடித்தது. குமரேசனின் இரண்டு கையும் சட்டென்று மேலே போனது. பேச்சியக்கா "ஆத்தாடி!" என்று கத்தினார். அப்பா பாய்ந்தார்.

அம்மா, அந்தக் கை அவன் காதுக்குப் போகவில்லை. பிள்ளையின் காதுக்குப் போனது! இரண்டு தொடையாலும் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டு உள்ளங்கையாலும் பிள்ளை காதைப் பொத்திவிட்டான். தன் காதைத் திறந்து போட்டுவிட்டு, கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தச் சத்தம் முழுவதையும் தான் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஆசாரி கம்பியும் கையுமாகத் திகைத்துப் போனார். "ஏ தாய்மாமா, காதப் பொத்திட்டா நான் எங்கப்பா குத்துறது?"

கோயிலே சிரித்தது. சிரிக்காதது அத்தை ஒருவர்தான். எழுந்து மேளக்காரர்களைப் பார்த்துக் கையை வீசினார். "நிறுத்துங்கப்பா! மேளத்த நிறுத்துங்கன்றேன்ல! எங்க பிள்ளையோட மாமன் பயப்படுறான், தெரியலயா?"

மேளம் நின்றது. தம்பி ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தான். பிறகு கையைக் காதிலிருந்து எடுத்துப் பிள்ளையின் வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டான். சத்தமே இல்லாமல், எங்கள் வீட்டு விசேஷம் மேளம் இல்லாமல் நடந்தது. பிள்ளை வீல் என்று கத்தியதும், "பாப்பா, பாப்பா" என்று முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தான். ஆடாதே ஆடாதே என்று அவனை எத்தனை பேர் அதட்டியிருக்கிறோம்! அந்த ஆட்டத்தில்தான் உன் பேரன் அழுகையை நிறுத்தினான். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் திரும்பவில்லை, எல்லார் முன்னாலும் அழுதேன்.

இன்னொன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். ஜீப்பில் ஏறும்போது பேச்சியக்கா என் கையைப் பிடித்தார். பவுனின் தங்கையை வரும் வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்களாம். "அன்னைக்கு ஒரு பொழுது மட்டும் பவுன ஸ்டோருல வச்சுப் பாத்துக்கிறியா, ஆத்தா?" என்று கேட்டார்.

முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கியது. காலையிலேயே உங்கள் வீட்டுக்கு வருகிறேன், பவுனுக்குத் தலை சீவிப் பூ வைத்து, வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி முன் அறையில் என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறேன் என்றேன். யார் இந்தப் பெண் என்று கேட்டால் எனக்கு இந்தத் தடவை நாக்கு ஒட்டாது. உனக்கு வாக்குக் கொடுக்கிறேன் அம்மா, அந்த வெள்ளிக்கிழமை ஸ்டோருக்கு ஒளிந்துகொள்ள எந்தப் பிள்ளையும் வராது.

இப்படிக்கு,
குமரேசனின் அக்கா,
உன் மகள் ஈஸ்வரி